மாற்றிய பிடியும் மறைத்த பிடியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய வேட்டைக் கத்திகளைச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்களுக்கும், அவற்றை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், அவ்விருவர் சொல்லுக்கும் இணங்கி அக்கத்திகளுக்குப் புதுப்பிடி பொருத்தித் தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மூவரையும் ஒரே மடலில் சேர்த்து விளிப்பதற்குக் காரணம் உண்டு. சேகரிப்பவரைத் தனியே கேட்டால், கடையில் அப்படித்தான் கிடைத்தது என்கிறார், வியாபாரியைத் தனியே கேட்டால், வாங்க வருகிறவர்களுக்குப் பளபளப்பு வேண்டியிருக்கிறது, நான் என்ன செய்வேன் என்கிறார், பட்டறைக்காரரைக் கேட்டாலோ, "கொண்டு வந்து கொடுத்தாங்க, போட்டுக் கொடுத்தேன், அதை எங்க போய் என்ன சொல்லி வித்தாங்கன்னு எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார். மூவர் சொல்வதும் ஓரளவு நியாயமே. ஆயினும் மூன்று நியாயங்களும் ஒன்றுகூடி ஓர் அநியாயத்தை நடத்திக்கொண்டு போகின்றன என்பதே என் வருத்தம். ஆகையால் மூவரும் ஒருங்கே இருக்கையில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நூறாண்டு கடந்த அலகு ஒன்றின் பழம்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை இழைத்துப் பொருத்தி, தேயிலைச் சாயமும் மெழுகும் ஏற்றிப் பழுப்பாக்கி, "அசல் பிடி, கை படாதது" என்ற வார்த்தையோடு அதைக் கைமாற்றுகிறீர்களே, அதுவே நான் சொல்லும் அநியாயம். பிடி மாற்றுவதே பாவம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். உளுத்துப்போன பிடியோடு ஒரு நல்ல அலகைக் கிடக்கவிடுவதில் என்ன பெருமை இருக்கிறது? ஒரு கத்தியின் அங்கங்களில் முதலில் அழிவது பிடிதான். இரும்பு துருவேறியேனும் நிற்கையில், மரத்தைக் கரையான் தின்கிறது, கொம்பைப் பூச்சி அரிக்கிறது, தந்தம் வெடிக்கிறது. எனவே நெடுங்காலம் வாழ்ந்த கத்திகளில் பல, தம் ஆயுளில் ஒருமுறையேனும் பிடி மாறியவைதாம். மாறியதை மாறியதென்று சொல்லாமல் மறைப்பதன்மேல்தான் என் வழக்கு.

பிடி மாற்றுவது நம் தேசத்துக்குப் புதிதுமன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில், தஞ்சை மராத்திய மன்னர்களின் ஆயுதசாலையிலிருந்து வந்து சேர்ந்த ஆயுதங்களின் முன் நிதானமாக நின்று பார்த்தவர்கள் உங்களில் சிலரேனும் இருப்பீர்கள். ஐரோப்பாவில் அடித்த அலகுகளைக் கப்பல் வழியாக வரவழைத்து, அவற்றுக்கு நம் கம்மியர்கள் நம்மவர் கைக்கும் வாள்வீச்சு முறைக்கும் தக்க பிடிகளைப் பூட்டிய காலம் அது. அவ்வாறு பூட்டப்பட்ட வாளுக்குப் 'பிரங்கி' என்னும் பெயரே வழங்கலாயிற்று. கட்டாரிகளிலும் பரதேசத்து அலகை ஏற்றவை உண்டு. அலகு ஒரு தேசத்தது, பிடி மற்றொரு தேசத்தது என்பதற்காக அவற்றை எவரும் போலி என்று தள்ளியதில்லை. மாறாக, அந்தச் சேர்க்கைக்காகவே அவற்றைப் போற்றுகிறார்கள். காரணத்தை ஆராய்ந்தால், இணைப்பு நடந்த இடத்தை அந்தக் கம்மியர் மூடி மறைக்கவில்லை என்பது புலப்படும். பிடியிலிருந்து இரண்டு பட்டைகள் அலகின்மேல் நீண்டு வந்து கவ்விக்கொள்ள, அவற்றின் ஊடே அடித்த தறையாணிகளின் தலைகள் பட்டப்பகலில் தெரிகின்றன. இது வேறு, அது வேறு, இரண்டையும் நாங்கள் சேர்த்தோம் என்று அந்த ஆணித்தலைகளே சாட்சி சொல்கின்றன. அத்தகைய யோக்கியமான இணைப்பைத்தான் உங்களிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

இனி, வேட்டைக் கத்திக்கே வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்ற கம்மியர், காட்டுக்குப் போகும் துரைமார்களுக்கென்று செய்து கொடுத்த கத்திகள் வேட்டைக்காரர்களிடையே மிகுந்த பிரசித்தி பெற்றிருந்தன. தக்காணத்தில் அவுரங்காபாத்து போத்ராஜின் கத்திகளுக்கும் ஈட்டிகளுக்கும் எந்தக் கியாதி இருந்ததோ, அந்தக் கியாதி தெற்கே இவருக்கு இருந்தது. அலகில் 'அர்னாசெல்லம், சேலம்' என்று ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கத்திகளை இன்றும் மேல்நாட்டு ஏலங்களில் போட்டியிட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு தொழிலாளி தன் பெயரைத் தன் கைவேலையில் பதித்து, அந்தப் பெயர் ஒன்றரை நூற்றாண்டாகக் கடல் கடந்தும் செல்லுபடியாகிறது என்பதை, சேகரிக்கும் உங்களைவிட, பிடி போடும் பட்டறைக்காரர்களாகிய நீங்களே முதலில் கவனிக்கவேண்டும். பின்னால் நான் கேட்கப்போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் கத்தி ஒன்று உங்களிடம் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த அதன் முத்திரையைப் பார்க்கலாம். எந்த அரசரின் பெயரெழுத்துகள் பொறித்திருக்கின்றன என்று பார்க்கலாம். 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால், அமெரிக்காவில் 1890-இல் வந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகே தேசத்தின் பெயரைப் பொறிப்பது பரவலான வழக்கமாயிற்று என்பதை நினைத்து, அலகின் காலத்தை ஓரளவு குறுக்கிக்கொள்ளலாம். அதன்பின் அச்சிட்ட பழைய விலைப்பட்டியலைப் புரட்டி, இந்த மாதிரிக்கு இந்தப் பிடி என்று ஒத்துப்பார்த்துவிடலாம். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த கத்திக்கு இந்த வசதி உண்டு. கேட்டவர் விருப்பத்துக்கேற்ப ஒவ்வொன்றாகச் செய்யப்பட்ட சேலத்துக் கத்திக்கு அந்த வசதி ஏது? ஒன்றில் தந்தம் இருக்கும், ஒன்றில் மான்கொம்பு இருக்கும், மற்றொன்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அறுத்த எருமைக்கொம்பு இருக்கும். விருப்பத்துக்குச் செய்த பிடியே அங்கே அசல் பிடி. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டால், ஒத்துப்பார்ப்பதற்கு உலகத்தில் வேறு எங்கும் அதன் ஜோடி கிடையாது. 'ஆர்டர் பிடிதானே, கம்பெனிப் பிடி இல்லையே' என்று அலட்சியமாக அதை அறுத்தெடுக்கும்போது, எது மிக அரிதோ அதையே நீங்கள் அறுத்தெடுக்கிறீர்கள்.

பிடியைக் கண்டு அறியும் வித்தை அப்படி ஒன்றும் தேவரகசியம் அல்ல. சேகரிக்கும் அன்பர்களில் பலர் அலகின் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்கிறார்களே ஒழிய, பிடியைக் கையில் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரித்தே சொல்கிறேன். முதலில் உங்கள் விரல் நகத்தை நம்புங்கள். தந்தம், கொம்பு, எலும்பு, மரம் ஆகிய உயிர்ப்பொருள்கள் யாவும் காலக்கிரமத்தில் ஈரம் வற்றிச் சுருங்கும், இரும்பு சுருங்காது. பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு ஓடி, இருபுறமும் தகடு வைத்துத் தறைந்த பழங்கத்தியில், அந்த இரும்பு விளிம்பின் குறுக்கே நகத்தை இழுத்தால், இரும்பு மயிரிழை அளவாவது மேலே நிற்பது தட்டுப்படவேண்டும். நூற்றிருபது வருஷத்துத் தந்தம் என்று ஒருவர் நீட்டுகிற பிடி, நகத்துக்கு எதுவுமே தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகுமானால், பணப்பையைத் திறக்குமுன் சற்றுத் தாமதிப்பது நலம். சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறி வாட்டும் நம் பக்கத்தில் நூறு கோடைகளைக் கடந்த பிடி அவ்வளவு வழவழப்பாக இருப்பதற்கு நியாயம் இல்லை.

அடுத்துப் பார்க்கவேண்டியது அலகும் பிடியும் சந்திக்கும் எல்லை. பிடியின் பூணால் மூடிக் கிடந்த இரும்பு ஒரு நிறமும், வெளியே கிடந்து கறுத்த இரும்பு ஒரு நிறமுமாக அவ்விடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். புதுப்பூண் எவ்வளவு நுட்பமாகச் செய்திருந்தாலும் அந்தக் கோட்டோடு அச்சாகப் பொருந்துவது அபூர்வம். ஒரு நூல் பின்வாங்கி நின்றால் பழைய கோடு வெளியே தெரியும், ஒரு நூல் முன்னே வந்தால் முத்திரையின் எழுத்து ஒன்றை விழுங்கியிருக்கும். தன் பெயரைத் தன் பூணாலேயே மூடிக்கொள்ளும் கம்பெனி எதையும் நான் கண்டதில்லை. பிறகு ஆணிகள். சுத்தியால் தட்டித் தறைந்த ஆணியின் தலை ஒன்றுபோல் மற்றொன்று இராது. அவ்விடத்தில் 'ஸ்டார்' தலை திருகாணி இருந்தால், அவ்வகைத் திருகாணி 1930-களில்தான் உலகத்துக்கு வந்தது என்ற ஒரு செய்தியே வியாபாரியின் பேச்சை நிறுத்திவிடும். பிடியின் இடுக்கில் பிதுங்கியிருப்பது அரக்கும் குங்கிலியமுமா, அல்லது அரால்டைட்டா என்று பாருங்கள். அந்த வகைப் பசை சந்தைக்கு வந்ததே 1940-களின் நடுவில். உறையை மறவாதீர்கள். பழைய தோலுறையின் வாய், தான் பல்லாண்டு தாங்கிய பூணின் வடிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கும். பிடி அதில் தொளதொளவென்று ஆடினாலோ, உள்ளே போக மறுத்தாலோ, இருவரில் ஒருவர் வேற்றாள்.

தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதன் கை தேய்த்த பிடி, கட்டைவிரல் பதியும் இடத்திலும் உள்ளங்கை அழுந்தும் இடத்திலும் தேய்ந்து, விரல் படாத குழிகளில் அழுக்கோடு அப்படியே இருக்கும். பஃபிங் சக்கரம் தேய்த்த பிடியோ எல்லா இடத்திலும் சமதர்மமாகத் தேய்ந்திருக்கும். (1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்ம பாணியைத் தீர்மானித்த ஆவடிக்கு அருகில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.) இவ்வளவும் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், பிடியைக் கழற்றாமலே உள்ளிருக்கும் இரும்பைப் பார்க்கும் மார்க்கமும் உண்டு. வார்ப்படத்தின் உட்குறையை எக்ஸ்ரே எடுத்துக் காண்பது அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதன்று. அதே எக்ஸ்ரேயில், இப்போதைய ஆணிகளுக்குப் பொருந்தாத பழைய துளைகளும், நீளம் போதாமல் பற்றவைத்து நீட்டிய, பிடிக்குள் மறையும் அலகின் வாலும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பிடியின் பொருளை அறிவது இன்னும் முக்கியம். ஏனெனில் இதில் சட்டமும் நுழைகிறது. தந்தத்தின் குறுக்குவெட்டில், அதாவது பிடியின் அடிமுனையில், இரண்டு திசையில் வளைந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய கோடுகள் தெரியும். யானைத் தந்தத்தின் வெளியோரத்தில் அவை விரிகோணமாகவும், பனிப்பாறைக் காலத்து மாமத யானையின் தந்தத்தில் கூர்ங்கோணமாகவும் சந்திக்கும். எலும்பில் அக்கோடுகள் இரா. இரத்தக் குழாய் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும் சிறு கீற்றுகளாகவும் தெரியும். 1870-களில் தந்தத்துக்குப் பதிலாக வந்த செல்லுலாய்டில் கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வீசும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின்கீழ் தந்தமும் எலும்பும் நீலங்கலந்த வெண்மையாக ஒளிர, பிளாஸ்டிக் பெரும்பாலும் வேறு விதமாகக் காட்டும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்திப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செல்லுலாய்டாக இருந்தால் தீப்பற்றும், தந்தமாக இருந்தால் வடு நிற்கும், இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கே.

தந்தம் என்று தெரிந்துவிட்டால், அதன்பின் உங்கள் காரியம் வனத்துறையோடுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இலும் 1991-இலும் செய்த திருத்தங்களுக்குப் பிறகு தந்த வியாபாரம் இந்நாட்டில் அடியோடு நின்றுவிட்டது. தாத்தாவின் கத்தி பேரனுக்கு வாரிசு முறையில் வரலாம், வந்தாலும் 90 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். விற்பதற்கோ நண்பருக்குக் கொடுப்பதற்கோ இடம் இல்லை. கடமான் கொம்பின் கதையும் அதற்குச் சளைத்ததன்று. ஒருகாலத்தில் நம் காடுகளில் உதிர்ந்த கொம்பு மூட்டை மூட்டையாக ஷெஃபீல்டுக்குப் போய், பிடியாகி, விலை ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1990-களின் இறுதியில் அந்த ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. இதனால் நேர்ந்திருக்கும் வேடிக்கையைப் பாருங்கள்: மாட்டெலும்பைத் தந்தம் என்று சொல்லி விலை ஏற்றுகிறவர் ஒருவர், உண்மைத் தந்தத்தை எலும்பு என்று சொல்லிச் சட்டத்துக்குத் தப்ப நினைப்பவர் மற்றொருவர், இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். அலகு 9 அங்குலத்தைவிட நீண்டாலோ 2 அங்குலத்தைவிட அகன்றாலோ ஆயுதச் சட்டத்தின் விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம் என்பதை மட்டும் சொல்லி இந்தச் சட்டப் பிரசங்கத்தை முடிக்கிறேன்.

ஏனெனில் எனக்கு உண்மையில் சொல்லவேண்டியிருப்பது வேறு. 'அசல்' என்ற ஒரே வார்த்தையின்மேல் உங்களுக்கு இருக்கும் மோகமே இவ்வளவு பொய்க்கும் விதை என்று நான் நினைக்கிறேன். நீலகிரியிலோ ஆனைமலையிலோ ஒரு தோட்டத்துரையின் கத்திப் பிடி முறிந்தபோது, எஸ்டேட் தச்சர் ஈட்டி மரத்திலோ பலாமரத்திலோ ஒரு பிடியை இழைத்துப் போட்டிருப்பார். அழகில் ஷெஃபீல்டுக்கு ஈடாகாத அந்தப் பிடி, அந்தக் கத்தி உழைத்ததற்கு அத்தாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, விழுந்த விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியை வில்லைகளாக அறுத்து, சிவப்பும் மஞ்சளும் அலுமினியமுமாக அடுக்கிக் கோத்து, இராணுவப் பட்டறைகளில் சிப்பாய்கள் தம் கத்திகளுக்குத் தாமே பிடி செய்துகொண்டார்கள். இராணுவத்தோடு இத்தனை காலம் உறவு கொண்ட ஆவடியின் பழைய வீடுகளில் அப்படி ஒன்று வெளிப்பட்டால், அதைப் 'பிளாஸ்டிக் பிடி' என்று அறுத்தெறிந்து மான்கொம்பு போடச் சொல்வீர்களானால், ஒரு சிப்பாயின் ஓய்வுநேரம் முழுவதையும் அறுத்தெறிந்தவர்கள் ஆவீர்கள். அலகு கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்கிறது. அந்தக் கத்தியை வைத்திருந்த மனிதனின் சரித்திரத்தை, அவன் கேட்டுப் போட்டுக்கொண்ட பிடியே சொல்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்த கத்தியில், கருங்காலிப் பிடியின் நடுவே ரூபாய்க் காசைவிடச் சிறிய வெள்ளித் தகடு ஒன்று பதித்து, அதில் மூன்று எழுத்துகளும் ஒரு வருஷமும் வெட்டியிருந்தது. அவர் காலமான பின், அவருடைய மனைவியார் பணமுடையால் கத்தியை விற்றார். சில மாதங்கள் கழித்து அதே அலகை நான் வேறொருவர் வீட்டில் கண்டேன். நுனியில் இருந்த பிறைவடிவப் பிளவால் அடையாளம் தெரிந்தது. மஞ்சள் பாரித்த எலும்புப் பிடி போட்டு, "துரை காலத்து அசல்" என்று சொல்லி, வாங்கிய விலைக்குப் பலமடங்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள். வெள்ளித் தகடு என்னவாயிற்று என்று விசாரித்ததில், உருக்கிவிட்டதாகத் தெரிந்தது. யாருடைய முதலெழுத்துகள் அவை, எந்த வேட்டையின் வருஷம் அது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இதில் ஏமாந்தவர் வாங்கியவர் மட்டுமா? தன் புருஷனுடைய கத்தி இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டினால்கூட அந்த அம்மையாருக்கு அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டார்களே, அதற்கு என்ன விலை?

பழுதை மறைத்தால்தான் மதிப்பு என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை திருமுல்லைவாயிலுக்குப் போய்வருவது நல்லது. உங்களில் பலருக்கு அது பஸ்ஸில் போகும் தூரந்தான். தொண்டைமான் யானையின் காலில் சுற்றிய முல்லைக் கொடியை வாளால் வெட்டியபோது அந்த வெட்டு கொடிக்குள் இருந்த லிங்கத்தின்மேல் பட்டது என்பதும், வெட்டுண்ட மாசிலாமணீசுவரர்க்குச் சந்தனக் காப்பிட்டு வழிபடுகிறார்கள் என்பதும் அத்தலத்தின் புராணம். காயம்பட்ட திருமேனியை எடுத்துவிட்டு வேறு ஒன்றைச் செய்துவைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சந்தனத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் யாரும் பொய் சொல்லி மறைக்கவில்லை, தலபுராணமாகவே ஊரெல்லாம் சொல்லிவைத்தார்கள்.

பட்டறைக்காரர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அது மிகுதியாக இருப்பதால்தான் இந்த மடலுக்கே அவசியம் நேர்ந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பிடித்தவரும், பாடியில் 'டூல் ரூம்' வேலை கற்றவரும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிக்குப் பாகம் இழைத்தவரும், ஓய்வுபெற்ற பின் வீட்டு முன்புறத்தில் ஒரு சிறு யந்திரத்தை வைத்துக்கொண்டு, நூலளவு பிசகாமல் ஒரு பிடியைப் பொருத்தினால், அதைக் கண்டுபிடிக்க நான் மேலே சொன்ன லக்ஷணங்கள் பாதிகூட உதவாது. ஆனால் நீங்கள் ஆலையில் வேலை செய்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு முளையாணி வெளியே போவதானாலும், எந்தக் கணக்கில் வந்த இரும்பு, எந்தத் தொகுதி, யார் சோதித்தார் என்ற முத்திரை இல்லாமல் அது வாசலைத் தாண்டியதுண்டா? முத்திரையில்லாத பாகத்தை ஆய்வாளர் கையால் தொடவும் மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா? முப்பது வருஷம் அந்த ஒழுங்கில் வளர்ந்த நீங்கள், உங்கள் சொந்தப் பெயருக்கு உழைக்கும் வேளையில், அடையாளமே இல்லாத வேலையை வாசலுக்கு வெளியே அனுப்புவானேன்? வியாபாரி அடையாளம் வேண்டாம் என்கிறார் என்றால், எதற்காக வேண்டாம் என்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சேலத்து அருணாசலம் தன் பெயரைப் பொறித்தார். அதனால் அவர் கத்தியின் விலை குறையவில்லை. உங்கள் பிடிகளை உங்கள் பிடிகளாகவே தேடிவந்து வாங்கும் காலம் வராது என்று யார் சொன்னது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்தப் பழங்கத்திக்குப் பிடி மாற்றினாலும், பிடிக்குள் மறையும் இரும்பு வாலைத் தொடாமல், புதுப்பிடித் தகட்டின் உட்புறத்திலோ, பூணின் அடியிலோ, உங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஊரையும் வருஷத்தையும் உளியால் வெட்டிவிடுங்கள். வெளியே தெரியும்படி ஒரு சிறு புள்ளியேனும் வையுங்கள், பார்ப்பவர் கேட்பதற்கு அது ஒரு வாசலாக இருக்கட்டும். பிடி போடுமுன் பழைய பிடியோடு ஒன்றும், கழற்றிய வாலோடு ஒன்றுமாக இரண்டு புகைப்படம் எடுங்கள். எல்லார் சட்டைப்பையிலும் காமிரா இருக்கும் இந்தக் காலத்தில் இதற்குச் செலவு ஏதும் இல்லை. கழற்றிய பிடி உளுத்ததோ உடைந்ததோ, ஆணியும் பெயர்த்தகடும் உட்பட ஒரு பையில் போட்டுக் கத்தியோடு திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள்.

வியாபாரிகளே, 'அசல்' என்ற சொல்லைத் துறந்துவிடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் உலகம் அறியாதவன் அல்லன். பற்றுச்சீட்டில் அலகு என்ன, பிடி என்ன, எந்த வருஷம் யார் போட்டது என்று தனித்தனியே மூன்று வரி எழுதுங்கள். பிடியைப் பற்றித் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். பிடி மாறியது என்று சொன்னால் விலை பாதியாகிவிடும் என்பது உங்கள் ஆட்சேபம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சேகரிக்கும் அன்பர்களே. யோக்கியமாகச் சொல்லி விற்கிற கத்திக்கு விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டு, பொய் சொல்லி விற்கிற கத்திக்கு வாரி வழங்குவதை நீங்கள் நிறுத்தாத வரையில், வியாபாரியைக் குறைசொல்ல உங்களுக்கு வாய் இல்லை. அடுத்தமுறை ஒரு கத்தியை வாங்கும்போது, பையில் கட்டிய பழம்பிடி கூட வந்தால் அதற்கென்று கொஞ்சம் அதிகமாகவே கொடுங்கள். மூன்று வரிச் சீட்டு இல்லாத கத்தியை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மேஜைமேல் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உங்கள் அலமாரிகளில் இருக்கும் கத்திகளுக்கும் இது பொருந்தும். பிடி மாற்றியது உங்களுக்கு நினைவிருக்கிறது, மாற்றியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். இவ்விரண்டும் உள்ளபோதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உறைக்குள் செருகிவையுங்கள். பட்டறைகளின் மூலையில் கிடக்கும் தகரப் பெட்டிகளில், கழற்றிப் போட்ட பழம்பிடிகள் இன்னும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். பழைய இரும்புக்காரர் வருமுன் அந்தப் பெட்டியை ஒருமுறை கொட்டி, எந்தப் பிடி யாருடைய கத்தியிலிருந்து வந்தது என்று ஞாபகம் உள்ளவரைக்கும் பிரித்து, சீட்டுக் கட்டி, உரியவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வட்டாரத்துக்காரன் ஒருவன்,
திருமுல்லைவாயில்.